செந்தூரில் பேசாமல் திரும்பிய பிள்ளை

 



ஐப்பசி பிறந்து சஷ்டி நெருங்கிவிட்டால் நம் எல்லோர் போனுக்கும் ஒரு கதை தவறாமல் வரும். ஸ்ரீவைகுண்டத்துக் குழந்தையின் கதை. உங்களுக்கும் வந்திருக்கும், நீங்களும் நாலு பேருக்கு அனுப்பியிருப்பீர்கள்.

தாமிரபரணிக் கரையில் சண்முகசிகாமணிக் கவிராயர் என்று ஒரு புலவர். அவர் மனைவி சிவகாமசுந்தரி அம்மை. அவர்களுக்குப் பிறந்த பிள்ளைக்கு ஐந்து வயது வரை பேச்சு வரவில்லை. தமிழே சோறாக இருந்த வீட்டில் 'அம்மா' என்ற ஒரு சொல்கூட வராத பிள்ளை. ஊர் என்னென்ன பேசியிருக்கும், நினைத்துப் பாருங்கள். பெற்றோர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திருச்செந்தூர் வந்தார்கள், விரதம் இருந்தார்கள். செந்திலாண்டவன் அருளால் பிள்ளை வாய் திறந்தது. திறந்த வாய் கந்தர் கலிவெண்பாவையே பாடியது. அவர்தான் குமரகுருபரர். மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ், சகலகலாவல்லி மாலை, நம் வைத்தீஸ்வரன்கோயில் முருகன் மேல் முத்துக்குமாரசுவாமி பிள்ளைத்தமிழ் எல்லாம் அவர் கொடுத்தது. காசி வரை போய் மடம் கட்டியவர்.

நான் எத்தனையோ மேடையில் சொன்ன கதை இது. இனியும் சொல்வேன். சொல்லும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும்.

ஆனால் போன சஷ்டியில் ஒரு சின்ன ஊர்க் கோயிலில் இதைச் சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கியபோது ஒரு அம்மா வந்தாங்க. கையில் ஒன்பது வயசுப் பையன். நெற்றி நிறைய விபூதி, பச்சைத் துண்டு.

"ஐயா, இவனுக்கும் பேச்சு இல்லை. மூணு சஷ்டி செந்தூர்ல தங்கி விரதம் இருந்தாச்சு. கடல்ல முங்கி, நாழிக்கிணத்துல குளிச்சு, பிரகாரத்துலயே படுத்துக் கிடந்தோம். பேசல. எங்க வீட்டுப் பெரியவங்க, உன் விரதத்துல ஏதோ குறை இருக்கு, அதான் முருகன் வாயைத் திறக்கலைங்கறாங்க. அப்படியாய்யா?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாதவன் குமரகுருபரர் கதையை மேடையில் சொல்லக்கூடாது என்பது என் எண்ணம். அதனால்தான் இந்த சஷ்டிக்கு இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துப் படியுங்கள்.

அந்தத் தாயிடம் முதலில் சொன்னது இதுதான்: "அப்படி இல்லைம்மா."

ஏன் இல்லை? கதையையே திரும்பப் பாருங்கள். கவிராயர் தம்பதி பிள்ளையை எப்போது சந்நிதிக்குக் கொண்டுபோனார்கள்? பேச்சு வந்த பிறகா? பேசாத பிள்ளையாகவே கொண்டுபோய் அவன் முன்னால் நிறுத்தினார்கள். முருகன் பார்வை அந்தப் பிள்ளைமேல் விழுந்தபோது அது ஊமைப் பிள்ளைதான். "போய்ப் பேசக் கற்றுக்கொண்டு வா, அப்புறம் பார்க்கலாம்" என்று அவன் சொல்லவில்லை. பேச்சு பிறகு வந்தது. அருள் அதற்கு முன்னாலேயே வந்துவிட்டது. நாம் கதையின் கடைசிப் பக்கத்தை மட்டும் ஸ்டேட்டஸில் வைக்கிறோம்.

இன்னொன்றையும் யோசியுங்கள். அந்தக் காலத்திலும் செந்தூருக்குப் பேசாத பிள்ளையோடு வந்தவர்கள் கவிராயர் குடும்பம் மட்டும்தானா? எத்தனை பேர் வந்திருப்பார்கள். எத்தனை பேர் பேச்சில்லாமலேயே வண்டி கட்டிக்கொண்டு ஊர் திரும்பியிருப்பார்கள். அவர்களைப் பற்றிப் புராணம் இல்லை. அந்தப் பிள்ளைகள் வயலில் வேலை செய்து, ஆடு மேய்த்து, அடுத்த சஷ்டிக்கும் கடலில் முங்கியிருப்பார்கள். அவர்கள் யாருடைய பிள்ளைகள்? நாம் பாடுகிற அதே முருகனுடைய பிள்ளைகள்தானே?

அந்த அம்மா இன்னொரு விஷயமும் சொன்னாங்க. கூட்டம் மொத்தமும் "அரோகரா" சொல்லும்போது இந்தப் பையனின் இரண்டு கையும் தலைக்குமேல் போய்விடுமாம். மற்றவர்கள் கையை இறக்கிய பிறகும் இறக்க மாட்டானாம். "அதை வெச்சு என்னய்யா பண்றது" என்று கேட்டாங்க.

என்ன பண்றதா? நம் சமயத்தில் முதல் குரு யார்? ஆலமரத்தடியில் உட்கார்ந்திருக்கிற தட்சிணாமூர்த்தி. அவர் ஒரு வார்த்தை பேசினாரா? கையைக் காட்டினார், நாலு முனிவர்களுக்கும் விளங்கிவிட்டது. அருணகிரிநாதருக்கு முருகன் கொடுத்த உபதேசம் என்ன? பேச்சை விட்டு அமைதியாக இரு என்பதுதானே. ஆயிரக்கணக்கில் திருப்புகழ் பாடப் போகிற வாய்க்கு மௌனத்தை உபதேசம் பண்ணியிருக்கிறான். கையால் உபதேசம் செய்த குருவைக் கும்பிடுகிற நாம், கையால் பேசுகிற பிள்ளையைப் பார்த்து "பாவம்" என்று உச்சுக்கொட்டுகிறோம். காது கேளாதவர்களின் சைகை மொழிக்கு இலக்கணம் உண்டு. அதில் சண்டை போடலாம், ஜோக் அடிக்கலாம், கந்தபுராணமும் சொல்லலாம். ஒரு கோயிலிலாவது சைகை மொழியில் சொற்பொழிவு கேட்க எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

அதே நேரம் நான் அந்தத் தாயிடம் "பிள்ளைக் காதை எப்போது டாக்டரிடம் காட்டினீர்கள்?" என்றும் கேட்டேன். ஆறு வயது தாண்டித்தான் காட்டினார்களாம். அதுவரை ஒவ்வொரு ஜோசியரும் ஒவ்வொரு பரிகாரம் சொல்ல, வருஷம் ஓடிவிட்டது. தம்பி தங்கைகளே, இதை நீங்கள் எல்லோருக்கும் அனுப்ப வேண்டும். பேச்சு வராத பல குழந்தைகளுக்கு அடிப்படைச் சிக்கல் காது. பிறந்த குழந்தைக்கே கேட்கும் திறனைச் சோதிக்க முடியும். மொழி மூளையில் ஊன்றுவது முதல் சில வருஷங்களில்தான். காக்ளியர் இம்பிளாண்ட் அறுவை சிகிச்சை நம் மாநிலத்தில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலேயே சின்னக் குழந்தைகளுக்குச் செய்கிறார்கள். அறுவை சிகிச்சை வேண்டாம், ஒத்துவராது என்றால் சின்ன வயதிலேயே சைகை மொழி கற்றுக்கொடுக்கலாம். காது நன்றாகக் கேட்டும் பேச்சு வராத ஆட்டிசப் பிள்ளைகள் உண்டு. அவர்களில் சிலர் படம் காட்டியோ, டேப்லெட்டில் தொட்டோ "எனக்குத் தண்ணி வேணும்" என்று சொல்லக் கற்றுக்கொள்கிறார்கள். வேண்டுதல் வையுங்கள், நானும் உங்களோடு வைக்கிறேன். அதற்காக 48 நாள் மண்டலம் முடியட்டும், பிறகு ஆஸ்பத்திரி போகலாம் என்று மட்டும் தள்ளாதீர்கள். வைத்தீஸ்வரன்கோயிலில் அவன் அப்பனுக்குப் பெயரே வைத்தியநாதன்.

இனி அந்த 'முன்ஜென்ம பாவம்' விஷயத்துக்கு வருகிறேன். இது நம் பக்தர்களிடம்தான் அதிகம் புழங்குகிறது என்பது எனக்கு வருத்தம்.

வினைக் கொள்கையை நான் மறுக்கவில்லை. சைவத்தில் இருந்துகொண்டு எப்படி மறுப்பேன்? ஆனால் வினை என்பது என் கணக்கை நான் பார்ப்பதற்காகச் சொன்னது. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கணக்கு நோட்டைத் திறந்து படிக்க எனக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

ஒரு உதாரணம். போலியோ. என் வயதுக்காரர்களுக்குத் தெரியும், தெருவுக்கு ஒருவராவது போலியோவில் கால் சூம்பிய பிள்ளை இருக்கும். எல்லாரையும் "போன ஜென்மத்துப் பாவம்" என்றுதான் ஊர் சொன்னது. பிறகு வீடு வீடாகச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். இந்தியாவில் இயற்கையான போலியோ வைரஸால் பாதிக்கப்பட்ட கடைசி நோயாளி பதிவானது 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தில். 2014-ல் இந்தியா போலியோ இல்லாத நாடு என்று அறிவித்தார்கள். அப்படியானால் 2011-க்குப் பிறகு இந்த நாட்டில் பிறந்த அத்தனை குழந்தைகளும் போன ஜென்மத்தில் புண்ணியம் செய்தவர்களா? அதற்கு முன்னால் பிறந்த என் கூட்டாளிகள் மட்டும் பாவிகளா? சொல்லிப் பார்த்தாலே எவ்வளவு அபத்தம் என்று தெரிகிறது. வள்ளுவர் ஆள்வினையுடைமை அதிகாரத்தில் 618-ஆவது குறளில் இதைத் தொட்டிருக்கிறார். பொறி இல்லாதது யாருக்கும் இழுக்காகாது, கற்று முயலாமல் இருப்பதுதான் இழுக்கு என்பது அவர் கருத்து. 'பொறி' என்றால் உறுப்பு என்பாரும் உண்டு, விதி என்பாரும் உண்டு. எப்படிப் பொருள் எடுத்தாலும் அந்தப் பிள்ளைமேல் பழி விழவில்லை பாருங்கள்.

சரி, "அடியார் வரலாறுகளில் எல்லாம் குறை நீங்கியதாகத்தானே இருக்கிறது" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். தண்டியடிகள் நாயனாரைப் பார்ப்போம்.

திருவாரூர்க்காரர். பிறவியிலேயே பார்வை கிடையாது. கோயிலைச் சுற்றிவந்து ஐந்தெழுத்து சொல்வது அவர் வழக்கம். கோயிலுக்கு மேற்கே கமலாலயம் குளம். அவர் காலத்தில் அந்தக் குளம் ஆக்கிரமிப்பில் சுருங்கி, மண்மூடிக் கிடந்தது. ஊரில் கண் உள்ளவர்கள் எத்தனை பேர் தினமும் அதைத் தாண்டிப் போயிருப்பார்கள்! தண்டியடிகள்தான் தூர்வாரக் கிளம்பினார்.

கண் தெரியாதவர் எப்படிக் குளம் வெட்டுவார்? இங்கேதான் எனக்குப் பிடித்த இடம். குளத்துக்குள் வெட்டுகிற இடத்தில் ஒரு கம்பு நட்டார். கரையில் ஒரு கம்பு நட்டார். இரண்டுக்கும் நடுவில் கயிறு கட்டினார். மண்ணை வெட்டிக் கூடையில் நிரப்பி, கயிற்றைத் தடவிக்கொண்டே கரையேறிக் கொட்டுவார். மறுபடி கயிற்றைத் தடவியபடியே இறங்குவார். பேரூரின் நட்டநடுவில், அத்தனை பேர் பார்க்க, ஒற்றை ஆளாக. இன்றைக்குப் பார்வையற்றவர்களுக்காக ரயில்வே ஸ்டேஷன் நடைமேடையில் புடைத்த மஞ்சள் ஓடு பதிக்கிறார்கள் இல்லையா? அந்தக் கயிறு அதற்கு மூத்த அண்ணன்.

வேறு சமயத்தவர் சிலர் தடுத்தார்கள். மண்ணை வெட்டினால் உள்ளே இருக்கிற உயிர் சாகும் என்றார்கள். அவர் கேட்கவில்லை. கண் இல்லாதவனுக்குக் காதும் இல்லையோ என்று கேலி செய்தார்கள். கடைசியில் மண்வெட்டியையும் கூடையையும் பிடுங்கி, நட்ட கம்பையும் கயிற்றையும் பிடுங்கிப் போட்டார்கள். அந்தக் கயிற்றைப் பிடுங்கியது எனக்கு ரொம்ப உறைக்கும். அவரை யாரும் அடிக்கவில்லை. அவருடைய வழியை எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். இன்றும் நாம் செய்கிற காரியம் அதுதானே? சாய்தளத்தின் மேல் பைக்கை நிறுத்துகிறோம், மஞ்சள் ஓட்டின் மேல் கடை போடுகிறோம்.

பிறகு இறைவன் கனவில் வந்தான், அரசன் வந்தான், தண்டியடிகள் குளத்தில் மூழ்கிக் கண்ணோடு எழுந்தார். எதிர்த்தவர்கள் பார்வை இழந்தார்கள் என்றும் கதை சொல்கிறது. அந்தக் கடைசிப் பகுதி எனக்கு உறுத்தும், மறைக்க மாட்டேன். பார்வை இல்லாமையைத் தண்டனையாகக் காட்டினால், பார்வையில்லாமல் பிறந்த ஒரு தங்கச்சி அதைக் கேட்டுக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்திருப்பாளே! அதெல்லாம் அந்தக் காலத்துச் சமயச் சண்டையோடு போகட்டும். என் கேள்வி வேறு. சேக்கிழார் இவரை அடியார் என்று எதற்காகக் கொண்டாடுகிறார்? கண் வந்ததற்காகவா? கண் வருவதற்கு முன்பே அவர் அடியார். கயிற்றைத் தடவிக்கொண்டு மண் சுமந்தபோதே அவர் நாயனார். கண் வராமலே போயிருந்தாலும் குளம் வெட்டப்பட்டிருக்கும்.

இப்போது ஒளவைப்பாட்டி. இவரைத் தொடாமல் விட்டால் நீங்களே கேட்பீர்கள்.

உலகில் அரியது எது என்று முருகன் கேட்க, பாட்டி பதில் சொல்லும் அந்தப் பாட்டு. 'கந்தன் கருணை' படத்தில் கே.பி. சுந்தராம்பாள் கணீரென்று பாடுவாரே, அதுதான். மனிதப் பிறவி அரிது, அதிலும் உடற்குறை இல்லாமல் பிறப்பது அரிது என்று அடுக்கிக்கொண்டே போகும். இதைச் சொல்லி நிறையப் பேச்சாளர்கள் அடுத்த வரியில் "நமக்கெல்லாம் கை கால் நல்லா இருக்கு, நாம எவ்வளவு கொடுத்து வெச்சவங்க" என்று முடிப்பார்கள். சபை கைதட்டும். சக்கர நாற்காலியில் ஓரமாக உட்கார்ந்திருப்பவர் தரையைப் பார்ப்பார்.

பாட்டி சொன்னது 'அரிது' என்று. கிடைப்பது அபூர்வம் என்று பொருள். குறையோடு பிறந்தவன் பாவி என்று அதில் எங்கே இருக்கிறது? குறையே இல்லாத உடம்பு அபூர்வம் என்றால், குறையுள்ள உடம்புதான் சகஜம் என்றல்லவா ஆகிறது? நாற்பதில் கண்ணாடி, அறுபதில் முழங்கால், எழுபதில் காது. மாடிப்படி ஏற முடியாத உங்கள் தாத்தாவும், சாய்தளம் கேட்கிற அந்த இளைஞனும் கேட்பது ஒரே வசதியைத்தான்.

இதைவிட முக்கியமான ஒன்று. பாடியது யார்? ஒளவையாரை மனதில் கொண்டுவாருங்கள். கூன் விழுந்த முதுகு, கையில் கோல். இளமை வேண்டாம், முதுமையைக் கொடு என்று பிள்ளையாரிடம் கேட்டு வாங்கிக்கொண்ட உடம்பு அது. கூனைப் பற்றி முருகனிடம் பாடியவருக்கே முதுகு கூன்! அந்தக் கூன் கிழவியோடு விளையாட முருகன் மாடு மேய்க்கிற பையனாக நாவல் மரம் ஏறினான், நிமிர்ந்த முதுகு உள்ளவர்களைத் தேடிப் போகவில்லை.

பாட்டி கயிலைக்குப் போன கதை தெரியுமா? சுந்தரர் வெள்ளை யானையில் கிளம்பிவிட்டார், சேரமான் பெருமாள் குதிரையில் பின்தொடர்கிறார். பாட்டி பிள்ளையார் பூஜையில் இருக்கிறார். அவர்களோடு போக வேண்டுமே என்று அவசர அவசரமாகப் பூஜை செய்கிறார். பிள்ளையார், "பாட்டி, நீ நிதானமாகவே செய்" என்கிறார். பூஜை முடிந்ததும் தும்பிக்கையால் தூக்கி, யானையும் குதிரையும் போய்ச் சேர்வதற்கு முன்பே கயிலையில் இறக்கிவிட்டார். உன் வேகத்துக்கு நீ இரு, சேர வேண்டிய இடத்தில் சேர்ப்பது என் பொறுப்பு என்ற மாதிரி. குதிரை ஏற முடியாத கிழவி பின்தங்கிப் போகட்டும் என்று நம் தெய்வம் விடவில்லை.

மாம்பழப் போட்டியையும் இப்படிப் பாருங்கள். உலகைச் சுற்றிவர வேண்டும் என்று விதி வைத்தால் அது மயில்காரனுக்குத் தோதான விதி. பெருத்த உடம்பும் மூஞ்சூறும் வைத்திருந்தவர் அம்மையப்பனைச் சுற்றினார், பழம் கிடைத்தது. நம்ம ஆளுக்குக் கோபம் வந்து மலை ஏறிவிட்டார் என்பது உண்மைதான், ஒப்புக்கொள்வோம்!

அவர் ஏறிய மலைக்கு நாம் 693 படி கட்டினோம். ஏற முடியாதவர்கள் என்ன செய்வார்கள்? ஒரு தகவல் சொல்கிறேன். திருமுருகாற்றுப்படை சொல்லும் மூன்றாம் படைவீடு திருவாவினன்குடி. அது மலை அடிவாரத்தில் இருக்கிறது. அங்கே வணங்கியவர் படைவீட்டை வணங்கியவரேதான், ஒரு குறையும் இல்லை. ஆனால் இதைச் சொல்லி யாரையும் "நீ கீழேயே கும்பிட்டுக்கோ" என்று ஒதுக்கிவிடாதீர்கள். மலைமேல் போக ஆசை எல்லோருக்கும் ஒன்றுதான். வின்ச் இருக்கிறது, 2004-லிருந்து ரோப் கார் இருக்கிறது. வின்ச் வந்ததால் பழனியின் புனிதம் குறைந்துபோய்விட்டதா என்ன? மேலே நிற்கிற மூலவரையே பாருங்கள். போகர் நவபாஷாணத்தில் செய்ததாக மரபு. காலங்காலமாக நடந்த அபிஷேகத்தில் திருமேனி தேய்ந்திருக்கிறது. புதுத் திருமேனி என்று பேச்சு வந்தபோது பக்தர்களுக்கு மனம் ஒப்பவில்லை. தேய்ந்த அந்த உடம்புதான் நமக்கு முருகன். கையில் அவனுக்கும் ஒரு தண்டம்.

கோயில்களில் எனக்கு வருத்தம் தருகிற ஒன்றைச் சொல்கிறேன். என் நண்பர் ஒருவர் இரண்டு காலிலும் காலிபர் போட்டவர். ஒரு கோயில் வாசலில் காவலுக்கு நின்றவர், "ஷூவைக் கழட்டிட்டு உள்ளே போ" என்றார். அந்த ஷூ காலிபரோடு சேர்ந்தது. கழற்றினால் அவரால் நிற்கவே முடியாது. எவ்வளவு சொல்லியும் விடவில்லை. கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார். அந்தக் காவலரைத் திட்டி என்ன ஆகப் போகிறது, அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. செயற்கைக் கால் என்பது கால். துடைத்துவிட்டு, வேண்டுமானால் உறை போட்டு உள்ளே விடலாம். தெருவில் ஓடிய சக்கரம் வேண்டாம் என்றால் கோயிலுக்கென்று தனி சக்கர நாற்காலி வைக்கலாம், பல கோயில்களில் வைத்திருக்கிறார்கள். 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொதுக் கட்டடம் என்ற வரையறைக்குள் வழிபாட்டு இடங்களையும் சேர்த்திருக்கிறது. சட்டத்தை விடுங்கள். கண்ணை இழந்து தடுமாறிய சுந்தரருக்குத் திருவெண்பாக்கத்தில் இறைவன் முதலில் கொடுத்தது ஒரு ஊன்றுகோல். கண் அதற்கு அப்புறம்தான், காஞ்சியில் ஒன்று, ஆரூரில் ஒன்று. கோல் கொடுத்த அந்த சாமிக்கு இன்றும் பூண்டியில் ஊன்றீஸ்வரர் என்றே பெயர். சாமியே கொடுத்த கோலை வாசலில் விட்டுவிட்டு வா என்று சொல்ல நாம் யார்?

தென்காசிப் பக்கம் ஆய்க்குடிக்குப் போயிருக்கிறீர்களா? பாலசுப்பிரமணியர் கோயிலும் படிப்பாயசமும் பிரசித்தம். அதே ஊர்க்காரர் எஸ். ராமகிருஷ்ணன். 1975-ல் கடற்படை அதிகாரி தேர்வுக்குப் போன இடத்தில் விழுந்து தண்டுவடத்தில் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயல்படாமல் போனது. 1981-ல் அவர் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தனக்கு வைத்தியம் பார்த்த டாக்டரின் பெயரை அதற்கு வைத்தார். போலியோ பாதித்த சில குழந்தைகளோடு தொடங்கியது, இன்று பள்ளிக்கூடம், மறுவாழ்வு மையம், கிராமம் கிராமமாகப் போய்க் குழந்தைகளைச் சின்ன வயதிலேயே கண்டுபிடித்துப் பயிற்சி கொடுப்பது என்று விரிந்திருக்கிறது. 2020-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஆய்க்குடி முருகன் அவரை எழுந்து நடக்க வைக்கவில்லை. அதற்காக ஆய்க்குடி முருகன் கைவிட்டுவிட்டான் என்று யாராவது சொல்வீர்களா? அங்கே படித்து, பயிற்சி பெற்று வேலைக்குப் போன பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். இன்னொன்று, இவரை மாதிரி எல்லோரும் சாதிக்க வேண்டும் என்று அடுத்தவர் தலையில் பாரம் ஏற்றாதீர்கள். ஒன்றும் சாதிக்காமல், நம்மைப் போலவே சஷ்டிக்கு வந்து, பஞ்சாமிர்தம் வாங்கிக்கொண்டு வீடு திரும்பவும் அவர்களுக்கு உரிமை உண்டு.

இந்த சஷ்டிக்குக் கோயிலுக்குப் போகும்போது நீங்கள் என்ன செய்யலாம் என்று சில பேர் கேட்பீர்கள். படிக்கட்டில் ஓய்வுக்கு உட்கார்ந்திருக்கிற பார்வையற்றவர் கையில் கேட்காமல் காசு வைக்காதீர்கள். அவர் தரிசனத்துக்கு வந்த அடியார். என் நண்பர் ஒருவருக்கு ஒரே நாளில் மூன்று பேர் வைத்தார்கள். மூன்றையும் உண்டியலில் போட்டுவிட்டு, "முருகனுக்கு இன்னைக்கு என் மூலமா வருமானம்" என்று சிரித்தார். அவர் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். "வரட்டுமா?" என்று கேட்டுவிட்டு உங்கள் முழங்கையைக் கொடுங்கள், அவர் பிடித்துக்கொள்வார். கூட வந்தவரிடம் "இவர் என்ன சாப்பிடுவார்" என்று கேட்காதீர்கள், அவரிடமே கேளுங்கள். கத்துகிற, கையை உதறுகிற பிள்ளையோடு ஒரு தாய் வரிசையில் நின்றால் திரும்பி முறைக்காமல் முன்னால் விடுங்கள்.

அந்த உண்டியல் நண்பரோடு ஒருநாள் பழனியில் சாயரட்சைக்கு நின்றேன். ராஜ அலங்காரம். கூட்டத்தில் அவர் என் காதருகே, "ராஜ அலங்காரம்னு மட்டும் சொல்லாதே, எனக்கு அது தெரியும். கிரீடத்துல என்ன இருக்கு? பட்டு என்ன கலர்? மாலை எது வரைக்கும் தொங்குது?" என்று கேட்டார். நான் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துச் சொன்னேன். மணி அடித்தது. "இப்ப தீபம் எங்க இருக்கு?" என்றார். "பாதத்துக்கிட்ட." அவர் கை கூப்பவில்லை, காத்திருந்தார். "இப்ப?" "மார்புக்கு வந்தாச்சு." "இப்ப?" "முகத்துக்கு நேரா." அப்போதுதான் அவர் கை கூப்பினார்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!